கம்பளை: மலையேறும் வழியில் ஒரு தலைநகர்

கம்பளை ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் கம்பளைக்கு வந்தவர்கள் அல்லர். மூட்டை முடிச்சுகளோடு பஸ் நிலையத்துக்கு நடப்பார்கள். புசல்லாவை பஸ்ஸிலோ நுவரெலியா பஸ்ஸிலோ ஹெம்மாத்தகம பஸ்ஸிலோ ஏறிப் போய்விடுவார்கள். இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஒரு தேநீர், ஒரு இறாத்தல் பாண், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இனிப்பு. கடைத்தெருவில் நடக்கும் வியாபாரத்தில் கணிசமான பங்கு இந்த அரைமணி நேரத்தை நம்பியது. இன்று நேற்றல்ல, எழுநூறு ஆண்டுகளாக இதுதான் இந்த ஊரின் பிழைப்பு. அரசர்கள்கூட இங்கே வழியில் இறங்கியவர்கள்தாம்.

சென்ற இதழில் பேராதனைச் சந்தியோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து மகாவலியை ஒட்டியே தெற்கே போனால், கண்டியிலிருந்து சுமார் 20 கிலோமீற்றரில் கம்பளை. ஹட்டன் பக்கத்து மலைகளில் பிறந்து நாவலப்பிட்டி வழியாக இறங்கும் கங்கை, கொத்மலை ஓயாவையும் சேர்த்துக்கொண்டு இங்கே வரும்போதுதான் கொஞ்சம் கைகால் நீட்டிக்கொள்கிறது. கரையோரம் வயல், வயலுக்கு மேலே ஊர், ஊருக்கு மேற்கே தனித்து நிற்கும் அம்புலுவாவ மலை. தெற்கே ஆற்றோடு போனால் நாவலப்பிட்டி, தென்கிழக்கே ஏறினால் புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா. மேற்கே இறங்கினால் ஹெம்மாத்தகம, மாவனெல்லை. மலைக்குள் போகவேண்டியவன் இந்த வாயிலைத் தவிர்த்துவிட்டுப் போவது கடினம்.

முதலில் இந்த வாயிலைப் பயன்படுத்தியவர்கள் யாத்திரிகர்கள். சிவனொளிபாதமலைக்குப் போகும் பழைய பாதைகளில் ஒன்று கம்பளையிலிருந்து அம்பகமுவ வழியாகச் செல்கிறது. சோழரைப் பொலன்னறுவையிலிருந்து அகற்றிய முதலாம் விஜயபாகு, பதினோராம் நூற்றாண்டிலேயே இந்த வழியில் நடப்பவர்களுக்குச் சோறு போடக் கிராமங்களை எழுதிவைத்தான் என்பதற்கு அம்பகமுவக் கல்வெட்டு சாட்சி. அந்தப் பாதையின் பெயர் இன்றும் நகருக்குள் இருக்கிறது: அம்பகமுவ வீதி. வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பிறகு இதே வீதி வேறொரு காரணத்துக்காக நாட்டையே உலுக்கப் போகிறது.

பொலன்னறுவை கைவிட்டுப் போன பிறகு சிங்கள அரசவை ஓரிடத்தில் தரிக்கவில்லை. தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் என்று தென்மேற்காக நகர்ந்துகொண்டே வந்தது. வடக்கே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் கை ஓங்கியிருந்த காலம். 1341இல் அரியணை ஏறிய நான்காம் புவனேகபாகு கம்பளையைத் தேர்ந்ததில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கங்கை, மற்றப் பக்கங்களில் மலை. படை வரவேண்டுமானால் கணவாய் ஏறித்தான் வரவேண்டும். ஊருக்கு அப்போது வைத்த பெருமைப் பெயர் கங்காசிறிபுரம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது தலைநகராக இருந்தது.

அந்த எழுபதில் ஒரே ஒரு ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும், இந்த அரசு எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும். 1344.

அந்த ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்குகிறார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. பாதமலைக்குப் போக ஆள்துணையும் பல்லக்கும் கொடுத்தவரும் அவரே. போகும் வழியில் ‘குனகார்’ என்ற தலைநகரைக் கண்டதாகப் பதூதா எழுதுகிறார். வெள்ளை யானை மீது பவனி வரும் அரசனையும், நகருக்கு வெளியே ஷீராஸ் ஊர் ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசலையும் பற்றி அவர் சொல்கிறார். குனகார் குருநாகலா கம்பளையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கம்பளை முஸ்லிம்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும், அதைக் கேட்கும் சுகத்துக்காகவே கேட்கலாம். என் மட்டில், எந்த ஊர் என்பதைவிட அந்தக் காட்சிதான் முக்கியம். ஒரு பௌத்த அரசனின் நகர் எல்லையில் பாரசீகத்து ஷெய்கு ஒருவர் பள்ளிவாசல் வைத்திருக்கிறார். பாதமலைக்குப் போகும் யாத்திரிகருக்கு வழிகாட்டியாக இருந்தவரும் அவரே.

அதே 1344இல் கம்பளைக்கு வடக்கே, உடுநுவரப் பகுதியில் இரண்டு விகாரைகள் எழுகின்றன. ஒன்று கடலாதெனிய. தர்மகீர்த்தி தேரர் கட்டுவித்தது. கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி. பெயரே அவர் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லிவிடும். கல்தூண்களும் வாயில் மண்டபமும் விமானமும் பார்க்கும்போது, தஞ்சைப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குள் நுழைகிறோமோ என்று தோன்றும். உள்ளே புத்தர். பக்கத்து அறையில் விஷ்ணு.

மற்றது லங்காதிலக. பன்ஹல்கல என்ற பாறையின் உச்சியில் செங்கல்லால் கட்டி வெள்ளை பூசிய உயர்ந்த கட்டடம். கட்டுவித்தவர் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகாரர். தலைமைச் சிற்பி ஸ்தபதி ராயர். விகாரையின் பக்கத்தில் வெற்றுப் பாறையிலேயே சாசனம் வெட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்க வருகிற தமிழர்கள் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படியேறிப் போய்விடுகிறார்கள். குனிந்து பாறையைப் பார்ப்பதில்லை. அங்கே சிங்களச் சாசனம் ஒன்று இருக்கிறது. அதே பாறையில் தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. சக ஆண்டு 1266 என்று காலம் குறித்து, விகாரை எழுந்த செய்தியையும் அதற்கு விடப்பட்ட நிலங்களையும் சொல்கிற அரச ஆவணம். பேராசிரியர் பரணவிதான இந்தச் சாசனங்களைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார்.

சிங்கள அரசனின் அமைச்சர், பௌத்த விகாரைக்காக, மலைநாட்டின் நடுவில், எதற்காகத் தமிழில் கல் வெட்ட வேண்டும்? அழகுக்காக யாரும் பாறையை உடைப்பதில்லை. நிலம் யாருடையது, எல்லை எது, கேடு செய்தால் என்ன கதி என்பதை வாசித்து அறியவேண்டியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால்தான் அந்த மொழியில் எழுதுவார்கள். வணிகர், படைவீரர், சிற்பிகள் என்று தமிழ் பேசும் மக்கள் கம்பளை அரசின் வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. மலைநாட்டில் தமிழன் என்றாலே கோப்பிக் காலத்தில் வந்து சேர்ந்தவன் என்று பேசுகிறவர்களை வாதத்துக்கு அழைக்காமல், தவுலகல பஸ்ஸில் ஏற்றி அந்தப் பாறைக்கு அனுப்பிவைக்கலாம். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: அன்றைய அந்தத் தமிழர்களுக்கும் தோட்டத் தமிழர்களுக்கும் நேரான வம்சத் தொடர்பு காட்ட எந்த ஆதாரமும் இல்லை. நம்மவர்கள் சிலர் மேடைகளில் அந்த எல்லையையும் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது கோயில் எம்பெக்கே. கம்பளை அரசன் விக்கிரமபாகுவின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கதிர்காமக் கடவுளின் தேவாலயம். பறைமண்டபத்துத் தூண்களில் மல்யுத்தக்காரர், இருதலைப் பறவை, பால் கொடுக்கும் தாய், அன்னப்பின்னல் என்று மரத்தில் செதுக்காதது குறைவு. கூரையைத்தான் கட்டாயம் அண்ணாந்து பார்க்கவேண்டும். ஒரு கோடியில் இருபத்தாறு கைமரங்கள் நாலாபுறமிருந்தும் ஓடிவந்து ஒரே இடத்தில் கூடுகின்றன; அத்தனையையும் ஒற்றை மரமுளை பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தத் தூண்கள் கம்பளை அரண்மனையின் சபாமண்டபத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை என்பது ஊர் வழக்கு. கம்பளையிலேயே அரண்மனை என்று காட்ட இன்று ஒன்றுமில்லை. நியங்கம்பாய விகாரையின் அடித்தளத்துக் கல்வேலைப்பாடுதான் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது.

இந்த அரசின் அரசியலும் கோயில்களைப் போலவே கலவையானது. உண்மையான அதிகாரம் மெல்ல மெல்ல அழகக்கோனார் குடும்பத்துக்குப் போயிற்று. வஞ்சியிலிருந்து வந்த குலம் என்று சிங்கள நூல்களே சொல்கின்றன. ஆரியச் சக்கரவர்த்திகள் மலைநாடு வரை வரி தண்டினார்கள். ஹாரிஸ்பத்துவப் பகுதியிலுள்ள மெதவளைக் கல்வெட்டு, விக்கிரமபாகுவுக்கும் மார்த்தாண்டப் பெருமாளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டைப் பேசுகிறது. இந்த மார்த்தாண்டரை யாழ்ப்பாணத்து அரசராகவே ஆய்வாளர் கொள்கிறார்கள். அழகக்கோனார் கோட்டையில் அரண் எழுப்பி, வரி தண்ட வந்தவர்களைத் தூக்கிலிட்டதாக இராஜாவலிய கூறுகிறது. அதன்பின் போர். ஆக, கேரளத்திலிருந்து வந்த குலத்தவர் ஒருவர் சிங்கள அரசைக் காக்க யாழ்ப்பாணத்துத் தமிழரசோடு மோதினார். இதை இன்றைய இரண்டு கட்சிகளில் எந்தக் கட்சியின் கதையாக எழுதுவது என்று தெரியாமல் பாடநூல்கள் இரண்டு வரியில் முடித்துக்கொள்கின்றன.

1411இல் சீனத் தளபதி செங் ஹ, அந்த அழகக்கோனார் குடும்பத்து வீர அழகேசுவரனைச் சிறைபிடித்துக் கப்பலில் கொண்டுபோனார். ஆறாம் பராக்கிரமபாகு கோட்டையைத் தலைநகராக்கினான். கம்பளை மறுபடியும் வழியிலிருக்கும் ஊராயிற்று. பிறகு கண்டி இராச்சியம், 1815இல் ஆங்கிலேயர். இந்த நானூறு ஆண்டுகளை இங்கே தாண்டிவிடுகிறேன். அந்தக் கதைக்குக் கண்டிதான் மேடை.

இரண்டாவது கம்பளை 1820களின் நடுவில் தொடங்குகிறது. கண்டிக்குத் தெருப் போட்ட ஆளுநர் எட்வர்ட் பான்ஸ், கோப்பியில் பணம் இருக்கிறது என்று நம்பியவர். கன்னொறுவையில் தாமே நட்டுப் பார்த்தவர். அவருக்குச் சற்று முன்பாகவே கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் தோட்டம் திறந்துவிட்டார். இலங்கையில் பெருந்தோட்டக் கோப்பியின் தொடக்கம் அது என்பதே பொதுக் கருத்து. கண்டிச் சிங்கள விவசாயி தன் வயலை விட்டுக் கூலிக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. ஆகவே கங்காணிகள் புறப்பட்டார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, சேலம் என்று ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழி நடந்து தம்புள்ளை, மாத்தளை, கண்டி. வாந்திபேதியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். பிழைத்தவர்கள் கம்பளையில் ஒரு இரவு தங்கி, மறுநாள் விடியலில் புசல்லாவை மலை ஏறினார்கள். அன்று அவர்களுக்கு மிஞ்சிய கடைசிச் சமதரை இதுதான்.

கோப்பி இறங்கவும் அரிசி ஏறவும் இந்த ஊர் வேண்டியிருந்தது. தவள மாடுகளும் இரட்டை மாட்டு வண்டிகளும் வந்தன. செட்டிமாரும், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வணிகரும் கடை போட்டார்கள். பெரியாங்கங்காணியின் பேரில் கடனுக்கு அரிசி, கருவாடு, கம்பளி. சம்பள நாளில் கணக்கு. இன்று நாம் காணும் கம்பளைக் கடைத்தெருவுக்கு அடித்தளம் போட்டது புவனேகபாகு அல்ல, இந்தப் பற்றுவரவுப் புத்தகம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. ரயில் பாதையும் அதற்குள் நீண்டது: 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி.

இனி அம்பகமுவ வீதி.

கம்பளை வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹரா அந்த வீதி வழியாகப் போவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். தொழுகை இடத்துக்கு முன்னால் மேளம் அடிக்கக்கூடாது என்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். 1912இல், பள்ளிவாசலுக்கு இரு பக்கமும் குறிப்பிட்ட தூரம் வரை வாத்தியத்தை நிறுத்தினால்தான் அனுமதி என்று அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே பெரஹராவையே நிறுத்திவிட்டு வழக்குப் போட்டார். அவர் கையில் எடுத்த ஆயுதம் 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு: புத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக ஆங்கிலேயர் கொடுத்த வாக்கு.

1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் நிலமேயின் பக்கம் தீர்ப்பளித்தார். வரலாற்றாசிரியராகவும் பேர்பெற்றவர் அவர்; ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே வாசித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. வாக்குக் கொடுத்து நூறாண்டு நிறையச் சில வாரங்களே இருந்தன. அந்த மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் பாடற்குழு ஊர்வலம் ஒன்று பள்ளிவாசல் முன் தடைப்பட, கலவரம் மூண்டது. சில நாட்களில் அது மேல், தென், சப்ரகமுவ, வடமேல் மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிர்கள் போயின. பிறகு இராணுவச் சட்டம்; சிங்களத் தலைவர்கள் சிறையில். அவர்களுக்காகப் பேசிய பொன்னம்பலம் இராமநாதன் மறு ஆண்டே லண்டனில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சிங்களவரின் துயரை வாதாடிய அந்த நூலில், அடிபட்ட முஸ்லிம்களின் துயருக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. தமிழ் முஸ்லிம் உறவில் அது விட்டுச்சென்ற கசப்பு, இராமநாதனைக் கொண்டாடும் கட்டுரைகளில் பெரும்பாலும் வருவதில்லை.

யாத்திரிகருக்குச் சோறு போட அரசன் மானியம் விட்ட பாதையில், யாருடைய ஓசை எவ்வளவு தூரம் கேட்கலாம் என்று வழக்காடினார்கள். அந்த வழக்கு நம்மிடையே இன்றுவரை வேறு வேறு ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

1924இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிறுவன் தந்தையோடு வாழ இங்கே வந்தான். தந்தை கருப்பையா கூலியாக வந்து, கங்காணியாகி, கடைசியில் றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். அப்படி உயர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மகனைக் கம்பளை சென் அன்றூஸ் கல்லூரியில் சேர்த்தார். அந்த மகன் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1939 ஜூலையில் நேரு கொழும்பு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. கம்பளைக் கிளைக்குத் தலைவராக இளம் தொண்டமான் தெரிவானார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிலாளர் போராட்ட வரலாற்றில் முதல் பலியாக அவர் பெயரையே சொல்கிறோம். அந்தச் சூட்டோடுதான் 1940 செப்டம்பரில் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. கூடிய இடம் கொழும்பு அல்ல, கம்பளை.

இந்தத் தேர்வில் இருந்த யோசனையைக் கவனிக்கவேண்டும். கொழும்பில் கூட்டியிருந்தால் வர்த்தகர்கள் வந்திருப்பார்கள். தோட்டத்துக்குள் கூட்ட துரை விடமாட்டார். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. கம்பளைக்கோ புசல்லாவையிலிருந்து இறங்கலாம், தெல்தோட்டையிலிருந்து நடந்து வரலாம், ஹட்டனிலிருந்து ரயிலில் வரலாம். டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் கங்காணியும் தடுக்க முடியாது. கோப்பி ஏற்றுவதற்காகப் போட்ட தெருக்கள் தொழிற்சங்கத்துக்கும் உதவின.

பெற்றதை வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும் நாவலப்பிட்டியில் இராஜலிங்கமும் வென்றார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசு கைக்கு மாறியபோது, கண்டி மாவட்டத்தில் வேலையும் லயமும் இழந்த குடும்பங்கள் கம்பளை, கண்டித் தெருக்களில் கையேந்தி நின்றன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயில் வண்டியை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. எந்த நிலையத்தில் ஏறினாலும் அந்தப் பெயர்தான்.

கங்கைக்கும் தன் கணக்கு உண்டு. 1947 ஆகஸ்ட் வெள்ளத்தைக் கம்பளையின் வயதானவர்கள் ஆண்டுக் கணக்குக்கே அடையாளமாக வைத்திருந்தார்கள். 1980களில் கொத்மலை அணை வந்தது; அணைத் தண்ணீரைச் சுரங்கத்தில் கொண்டுபோய் மலையின் வயிற்றுக்குள் மின்சாரம் எடுக்கிறார்கள். அணை வந்த பிறகும் மழைக்காலத்தில் கரையோரத்துக் கடைக்காரர்கள் சாமானைத் தரையில் வைப்பதில்லை.

இப்போது வெளியூர்க்காரர் கம்பளைக்கு வருவது அம்புலுவாவக் கோபுரத்துக்காக. 3,500 அடிக்கு மேலான மலையுச்சியில், சுருள்படிகள் சுற்றிச்சுற்றி ஏறும் வெள்ளைக் கோபுரம். பின்னாளில் பிரதமராக இருந்த டி. எம். ஜயரத்னவின் முயற்சியில் எழுந்தது. நான்கு மதத்துக்கும் வழிபாட்டிடம் அந்த வளாகத்தில் உண்டு. மேலே போக மேலே போகப் படி குறுகி, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு சுவரைப் பிடிக்கவேண்டும். காற்றும் சேர்ந்துகொண்டால் பலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். வருகிற கூட்டம் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கண்டிக்குத் திரும்பிவிடுவதுதான் குறை. அரைநாள் ஒதுக்கினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே மூன்றையும் தவுலகலப் பாதையில் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். இரண்டு விகாரைகளுக்கு இடையே வயல்வழியாக நடக்கிறவர்களும் உண்டு. லங்காதிலகவில் பாறை சுடும். காலையிலேயே போவது நல்லது.

ரயில் நாவலப்பிட்டிக்கு நீண்ட 1874க்குப் பிறகு கம்பளையின் மொத்த வியாபாரத்தில் ஒரு பங்கு அதோடு மேலே போனது. அங்கேதான் மலையேறும் வண்டிகளுக்குத் துணை இயந்திரம் பூட்டினார்கள், அங்கேதான் ரயில்வேத் தொழிலாளருக்கென்றே ஒரு ஊர் வளர்ந்தது. அடுத்த இதழில் நாவலப்பிட்டி.